வலிக்கிறது என்று எழுதிய பெண்ணுக்கு இரண்டு வரி பதில் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் டாக்டர் கேள்வி பதில் பகுதியைப் படித்தேன். 48 வயதுப் பெண் ஒருவர், தாம்பத்தியத்தின்போது எரிச்சலும் வலியும் இருக்கிறது, விருப்பமே விட்டுப்போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். "இந்த வயதில் சகஜம், மனதை வேறு விஷயத்தில் செலுத்துங்கள்" என்று பதில். பக்கத்துக் கேள்வி விறைப்பு வரவில்லை என்ற ஓர் ஆணுடையது. அவருக்கு சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த ஓட்டம், மாத்திரை என்று அரைப் பக்கம்! நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அம்மா கேட்டதற்கும் மருத்துவத்தில் பதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாதவிடாய் நிற்கிற சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, அதனால் பிறப்புறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டு போகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது. வலித்தால் யாருக்கு ஆசை வரும்? உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கும் தொல்லையாவது பெரும்பாலும் நாளாக நாளாகத் தணியும், இந்த வறட்சி அப்படியில்லை, கவனிக்காமல் விட்டால் கூடிக்கொண்டே போகும், அடிக்கடி நீர்க்கடுப்பும் சேர்ந்துகொள்ளும். மருந்துக்கடையில் கிடைக்கும் வழுவழுப்புத் தரும் தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல்லே பலருக்குப் போதும். போதாவிட்டால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆணுறையோடு அதைச் சேர்க்கக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

வயதானவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை இது. பால் கொடுக்கும் தாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவாகத்தான் இருக்கும், அவளுக்கும் அதே வறட்சி, கூடவே பிரசவத்தில் தையல் போட்ட இடத்து வலி, ராத்திரித் தூக்கமும் கிடையாது. இந்த நிலையில் "குழந்தை வந்ததும் என்னைக் கண்டுக்கறதே இல்லை" என்று கோபித்துக்கொள்ளும் கணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயும் பெண்ணை விட்டுவைப்பதில்லை. வறட்சி, உணர்ச்சி மந்தம், திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று எல்லாம் அதனால் வரலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது, நல்ல திட்டம்தான், கொண்டுவந்து கொடுக்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உடலுறவில் வரும் உச்சகட்டத்தைத் தள்ளிப்போடும், சிலருக்கு வரவே விடாது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

எனக்கு அதிகம் ஆற்றாமையாக இருப்பது புதிதாகக் கல்யாணமான பெண்களை நினைத்துத்தான். கண்ணருகே கை வந்தால் இமை தானாக மூடிக்கொள்கிற மாதிரி சில பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தசை இறுகிக்கொள்ளும், அவள் வேண்டுமென்று செய்வதில்லை, வெஜைனிஸ்மஸ் என்று பெயர். இது தெரியாமல் "ஒத்துழைக்க மாட்டேங்கிறா" என்று பெண் வீட்டாரைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கிறார்கள். இடுப்புத் தளத் தசைக்கான பிசியோதெரபி, சிறியதில் தொடங்கி வழவழப்பான குழல்களை உள்ளே வைத்துத் தசையைப் பழக்கும் டைலேட்டர் பயிற்சி, கவுன்சலிங் என்று பொறுமையாகப் போனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். அவளுக்கு விருப்பமே இல்லாமல் கட்டாயப்படுத்துவது வேறு விஷயம், அதற்கு ஜெல்லும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.

அப்புறம், உடம்பில் எந்தக் குறையும் இல்லாத தம்பதிக்கும் ஒன்று தெரிவதில்லை. உடலுறவு மட்டும் நடந்தால் நிறையப் பெண்களுக்கு உச்சகட்டம் வராது, பிறப்புறுப்பின் மேல்பக்கம் இருக்கும் கிளிட்டோரிஸ் என்ற உணர்ச்சி மிகுந்த உறுப்பைத் தூண்டினால்தான் வரும். வெளியே தெரிவது அதன் நுனிதான், மீதி உள்ளே இரண்டு பக்கமும் கிளை பிரிந்து போகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் இதன் அமைப்பை விரிவாக எழுதியது 1998இல். அதே 1998இல்தான் அமெரிக்காவில் ஆண்களின் விறைப்புக் குறைக்கான வயாக்ரா மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரை ஊர் ஊராகத் தெரிந்துவிட்டது, இந்த விஷயம் இன்னும் படுக்கையறைக்கே போய்ச் சேரவில்லை. ஐந்து நிமிடத்தில் முடித்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் கணவரிடம் "எனக்கு இப்படிச் செய்தால் பிடிக்கும்" என்று சொன்னால் "இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்பாரோ என்ற பயம் வேறு. இதில் ஒற்றை அறை வீடு, நடுவில் குழந்தைகள், கதவுக்கு வெளியே மாமியார். கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயமும் பெண்ணுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கணவர் செய்துகொண்டது ஒரு சதவீதம்கூட இல்லை. பயமும் இவளுக்கு, கத்தியும் இவளுக்கு.

உங்கள் பத்திரிகையிடம் நான் கேட்பது இதுதான். பெண்கள் அனுப்பும் இந்த மாதிரிக் கேள்விகளையும் போடுங்கள், பதிலை ஒரு மகப்பேறு மருத்துவரிடம் வாங்கி முழுதாகப் போடுங்கள். கடைசிப் பக்கத்தில் லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதி கொடுத்தாலே தாராளம்.

வாசிக்கும் பெண்களுக்கும் ஒன்று. டாக்டர் முன்னால் வாய் வரவில்லை என்றால் எங்கே வலி, எப்போதிருந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். என்னிடமும் பலர் அப்படித்தான் கொடுத்தார்கள்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்