முறிகண்டியில் உதவிய ஐயாவுக்கு நன்றி

ஏ-9 வீதியில் மாங்குளம் தாண்டியதிலிருந்து காரின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதும் தானாகவே இறங்குவதுமாக இருந்ததால் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்திய எங்களுக்கு உதவிவிட்டு, பெயரும் சொல்லாமல் சைக்கிளில் போய்விட்ட ஐயாவுக்கு எமது குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் றேடியேற்றரின் மூடியைத் திறக்கப்போன தம்பியின் கையைப் பிடித்துத் தடுத்ததே அவர் செய்த முதல் உதவி. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டிருக்கும். பின்னர் ஹீற்றரைப் போடச் சொன்னார். முள் ஏறும் வேளையில் சூடற்ற வெறுங்காற்று வந்ததைக் கையால் உணர்ந்தவர், நீர் குறைந்து உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது, அதனால்தான் முள் ஆடுகிறது என்று விளக்கினார். (இதே கோளாறுக்கு ஒரு கராஜில் சென்சரை மாற்றிக் காசும் வாங்கியிருந்தார்கள்.)

எஞ்சின் நன்றாக ஆறியபின் தேடியபோது, றேடியேற்றரின் கீழ்க்குழாயை இறுக்கும் கிளிப்பின் அடியில் கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்) கசிந்து காய்ந்த பச்சைக் கறை தெரிந்தது. கிளிப்பை இறுக்கினார். கிணற்றுநீர் சுண்ணாம்பாகப் படியும் என்பதால் போத்தல் நீரையே ஊற்றுவித்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் அடங்கும்வரை பொறுமையாக நின்று நீரை நிரப்பினார்.

காசை மட்டுமல்ல, தேநீரையும் மறுத்துவிட்டார். மூடியின் றப்பர் வெடித்திருப்பதாக அவர் காட்டியபடியே கிளிநொச்சியில் புதிய மூடியும் கூலன்றும் போட்டோம். முள் இப்போது நடுவிலேயே நிற்கிறது.