அண்ணே, இந்த ஞாயிறு கீழே இறங்குவோம்

அன்புள்ள அண்ணே,

போன ஞாயிறு தெருவில் நின்று மாடியிலிருந்து தொங்கும் உங்கள் வீட்டு மணிக் கயிற்றை மூன்று தரம் இழுத்தேன். ஐந்தாம் மாடியில் மணி அடித்தது கீழே எனக்கே கேட்டது. எட்டிப் பார்த்தது அண்ணிதான். "படுத்திருக்கார் தம்பி" என்றார்கள். ஏறி வந்திருக்க வேண்டும். வராதது என் தப்பு.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதமாகிறது. காய்கறி, பேப்பர், மாத்திரை எல்லாம் அந்தக் கயிற்றில்தான் மேலே போகின்றன. நீங்கள் மட்டும் இறங்குவதே இல்லை. மெதுவாகப் படி ஏறி இறங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

இதய நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மேக்நியூ என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. 27 கேள்விகள். நெஞ்சுவலி, மூச்சிரைப்போடு நிற்பதில்லை. இந்த இரண்டு வாரத்தில் அழுகை வந்ததா, எதற்கும் உதவாதவன் என்று தோன்றியதா, மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டதாக நினைத்தீர்களா என்றெல்லாம் கேட்கிறது. வீட்டார் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கிறார்களா என்றும் ஒரு கேள்வி. அதைப் படித்ததும், அண்ணி உங்கள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கியது ஞாபகம் வந்தது. அரை வாளித் தண்ணீர்தான். அதுவரை பேசிக்கொண்டிருந்த நீங்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. அண்ணிக்குப் பயம். கடைக் கணக்கைக் கண்ணில் காட்டாததும் அதே பயத்தில்தான். முப்பது வருஷம் கணக்குப் பார்த்த மனிதருக்கு அது ஓய்வாகுமா? அண்ணியிடம் இதை நானே பேசுகிறேன்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் சேர்ந்து வருகிறது. தூக்கம் கெடுகிறது, சாப்பாடு ருசிக்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நாம் அதை உடம்பு பலவீனம் என்று விட்டுவிடுகிறோம். அடுத்த தடவை டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்களிடம் பூசி மெழுகமாட்டேன். அமெரிக்காவில் மனச்சோர்வோ, ஆள் துணையில்லாத நிலையோ இருந்த 2,481 மாரடைப்பு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2003இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்குப் பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். சாவோ, அடுத்த மாரடைப்போ அதனால் குறையவில்லை. ஆனால் சோர்வு குறைந்தது, ஆள் துணை கூடியது. எனக்கு அதுவே பெரிது அண்ணே. நீங்கள் எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்பது என் கையில் இல்லை. இருக்கிற நாளில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கக் கூடாது.

கண்டன்ஸ்டு மில்க் ஊற்றிய டீ வேண்டாம் என்றார் டாக்டர். நீங்கள் டீக்கடையையே விட்டுவிட்டீர்கள். அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய பேச்சையும் சேர்த்து விட்டீர்கள். மேஜைமேல் பிளாஸ்க்கில் காசில்லாமல் வைத்திருக்கிறானே, வெறும் பச்சைத் தேநீர், அதைக் குடித்தால் என்ன? கூட்டாளிகள் உங்களுக்குத் தொந்தரவாகும் என்று வீட்டுக்கு வரவில்லை. அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நம்ம யாங்கூன் அனவரதா ரோடு காளி கோயிலில் பார்க்கும்போதெல்லாம் என்னைப் பிடித்து உங்களைத்தான் விசாரிக்கிறார்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் வருகிறேன். கயிற்றை இழுக்கமாட்டேன், மேலேயே வந்துவிடுகிறேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்குவோம். திரும்பும்போது அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்குவோம். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், பை உங்கள் கையில்தான்.

உங்கள் தம்பி