'உருவாக்கியவர்' என்ற கட்டம்

அன்புள்ள அலெக்ஸ் ஆண்டர்சன் அவர்களுக்கு,

அக்டோபர் 12, 'ராக்கி - புல்விங்கிள்' என்ற பழைய அமெரிக்க டிவி கார்ட்டூனைத் தயாரித்த ஜே வார்டின் நினைவு நாள். 22 உங்களுடையது. பிறந்ததும் அப்படித்தான், 1920 செப்டம்பரில் நீங்கள் 5ஆம் தேதி, அவர் 20. வருஷம்தான் தள்ளிப்போனது, அவர் 1989இல் போனார், நீங்கள் 2010 வரை இருந்தீர்கள். பழைய கார்ட்டூன்களைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்ற சில பேர் வருஷா வருஷம் 12ஆம் தேதிக்குத்தான் ஏதாவது எழுதுவோம். 22ஆம் தேதி சத்தமில்லாமல் போய்விடும். போகவிட்டவர்களில் நானும் உண்டு.

நேற்று, அந்தக் கார்ட்டூனின் பகுதிகளை வரிசைபோட்டு நாங்கள் வைத்திருக்கும் பட்டியலைத் திறந்து, 'உருவாக்கியவர்' என்ற கட்டத்தைத் திருத்திவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மரம் ஏற்றிவந்த லாரி வார்டின் புது ரியல் எஸ்டேட் ஆபீசுக்குள் புகுந்ததையும், கால் முறிந்து கிடந்தவரிடம் நீங்கள் டிவிக்குக் கார்ட்டூன் எடுக்கலாம் என்று போய்ச் சொன்னதையும் உங்களுக்கே நான் சொல்ல வேண்டாம். கார்ட்டூன் ஸ்டூடியோ நடத்திய உங்கள் மாமா பால் டெர்ரி முதலிலேயே கையை விரித்துவிட்டதையும் விடுங்கள். எங்கள் தரப்பு நியாயத்தை மட்டும் கொஞ்சம் கேளுங்கள்.

ராக்கி என்ற பறக்கும் அணிலும், புல்விங்கிள் என்ற மூஸும் (பெரிய கொம்புள்ள மான்) நாயகர்களாக வரும் அந்த நிகழ்ச்சியை அரைமணிக்கு அரைமணி பட்டியல் போட்டால் ஒன்றும் விளங்காது. துண்டு துண்டாகப் பிரித்தால்தான் பிடிபடும். ஆரம்பத்தில் தொடர்கதையின் ஒரு அத்தியாயம், கடைசியில் அடுத்த அத்தியாயம். நடுவில் கோணலாக்கிய தேவதைக் கதை, அல்லது ஈசாப்பும் அவர் மகனும். அப்புறம் புல்விங்கிள் கவிதை வாசிப்பான், இல்லையென்றால் எல்லாம் தெரிந்தவனாக ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுத்துக் கெடுப்பான். அதன் பிறகு காலயந்திரத்தோடு பீபாடி என்ற மேதாவி நாயும் ஷெர்மன் என்ற பையனும், அல்லது குதிரையில் கனடா போலீஸ்காரன் டட்லி டூ-ரைட். மொத்தம் 163 அரைமணி. தொடர்கதை அத்தியாயம் 326, ஆகவே ஒன்றுக்கு இரண்டு, கணக்கு சுத்தம். இடறுவது நடுப்பகுதியில். தேவதைக் கதை 91, ஈசாப் 39, கூட்டினால் 130. பீபாடி 91, டட்லி 39, அதுவும் 130. அதற்கு மேல் புதுசு கிடையாது. அதனால் பார்த்த பீபாடியே மறுபடி வந்து நின்றால் பட்டியல் தப்பு என்று அடிக்கக்கூடாது. மறு ஒளிபரப்புக்கு விற்றபோது துண்டுகளைக் கலைத்து வேறு வேறு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். டிவிடியில் இருக்கும் தலைப்புகூட ஒளிபரப்பான காலத்துத் தலைப்பு இல்லை. 1959 நவம்பரில் ஏபிசி சேனலில் தொடங்கியபோது 'ராக்கியும் நண்பர்களும்'. 1961இல் என்பிசிக்குப் போனதும் 'புல்விங்கிள் ஷோ'.

இத்தனையையும் சரிபார்க்கத் தெரிந்த எங்களுக்கு, கடைசிக் கட்டத்தில் மட்டும் எதையும் சரிபார்க்கத் தோன்றவில்லை. மேலே வார்டு என்று போட்டு, மவுஸைப் பிடித்துக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டோம். 163 வரிசையிலும் ஒரே பெயர். திரையில் அவர் பெயர்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் பீபாடியை முதலில் யோசித்தவர் டெட் கீ என்ற கார்ட்டூனிஸ்ட் என்று அதே பட்டியலின் அடிக்குறிப்பில் எழுதி வைத்தவர்களும் நாங்களேதான். ஒருவருக்குத் தேடிய கை இன்னொருவருக்குத் தேடவில்லை. அதற்கு மன்னிப்பைத் தவிர வேறெதுவும் கேட்க முடியாது.

உங்களை நினைத்தால் எனக்கு வருவது ராக்கியும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவில் ஒட்டுப்போட வருமே, ஒரு நிமிஷம்கூட ஓடாத அந்தத் தொப்பிக் காட்சி. தொப்பியிலிருந்து முயல் எடுக்கப்போவதாக புல்விங்கிள் அறிவிப்பான். அந்த வித்தை ஒருநாளும் பலித்ததில்லையே என்பான் ராக்கி. இந்தத் தடவை பாரேன் என்று, கைக்குள் எதையும் ஒளிக்கவில்லை என்பதைக் காட்டுவதற்காகக் கோட்டின் கையைச் சுருட்டாமல் அப்படியே பிய்த்து எறிவான். தொப்பிக்குள் கையை விடுவான். சிங்கம் உறுமிக்கொண்டு வரும். அவசரமாகத் திரும்ப அமுக்குவான். இன்னொரு தடவை கரடி, இன்னொரு தடவை காண்டாமிருகம். ஒருமுறை ராக்கியே உள்ளேயிருந்து வருவான், பரவாயில்லை, நெருங்கிவிட்டோம் என்று இவன் தேற்றிக்கொள்வான். முயல் மட்டும் வராது.

சீட்டாடும் இடத்தில் ஒரு மூஸ் நின்றுகொண்டு சீட்டு வித்தை காட்டுவதாக நீங்கள் கண்ட கனவைப் படித்த பிறகு, இந்தக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. கனவில் வந்த மூஸ் வித்தை காட்டியது. பத்து வருஷம் கழித்து, நீங்கள் இல்லாத ஒரு ஸ்டூடியோவில், மெக்சிகோ நகரத்தில் உட்கார்ந்து யார் யாரோ வரைந்த மூஸும் வித்தை காட்டுகிறது. இரண்டுக்கும் கயிறு கட்டுவது என் ஊகம்தான், யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. ஆனால் எடுக்க வந்தது முயலாமே! உங்கள் முதல் நாயகனே குருசேடர் ராபிட் என்கிற முயல்தானே. அந்த முயலின் உரிமையை உங்கள் கையைவிட்டுப் போகவிட்ட பிறகு, ஒவ்வொரு வாரமும் தொப்பிக்குள் கையை விட்டு முயலைத் தேடுகிற ஒரு மூஸ். எழுதியவர்கள் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள். எனக்குத்தான் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

குருசேடர் ராபிட்டைப் பார்க்காதவர்கள் ராக்கியின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தேடி அலைவார்கள். முழு அனிமேஷனில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். டிவி கொடுக்கிற காசுக்குக் கட்டாது. டிஸ்னியின் 1941ஆம் வருஷத்துப் படத்தில் 'பேபி வீம்ஸ்' பகுதியை ஸ்டோரிபோர்டுப் படங்களை (காட்சிகளைத் திட்டமிட வரையும் அசையாப் படங்கள்) வைத்தே ஓட்டியிருந்தார்கள். படம் அசையாவிட்டாலும் கதை நகரும் என்பதை நீங்கள் அங்கே பிடித்தீர்கள். ஒரு படத்தைச் சில நொடிகள் நிறுத்து, பின்னணிக் குரலை ஓடவிடு, வாயை மட்டும் மாற்று, நடைக்கு வரைந்ததை அடுத்த காட்சியிலும் போடு. அசைவில் மிச்சம் பிடித்ததை வசனத்தில் செலவழி. இதில் ஒரு ஆபத்து உண்டு. எழுத்து சொத்தையானால் மறைக்க ஒன்றுமே இருக்காது, நின்றுபோன படம் நின்றுபோன படமாகவே தெரியும். 195 அத்தியாயம் அப்படி ஓட்டினீர்கள். சின்ன உருவம், கூர்மையான புத்தி, முயல். பெரிய உருவம், மந்தமான நல்ல மனசு, புலி. ஒவ்வொரு அத்தியாயமும் ஆபத்தில் தொங்கி முடியும். முயலை எடுத்துவிட்டுப் பறக்கும் அணிலையும், புலியை எடுத்துவிட்டு மூஸையும் வையுங்கள். அச்சு அதேதான்.

மெக்சிகோவில் வரைந்த விதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்களோ. வில்லன் உளவாளி போரிஸின் மீசை ஒரு ஷாட்டில் இருக்கும், அடுத்த ஷாட்டில் காணாது. விளம்பரதாரரான ஜெனரல் மில்ஸ் உணவு நிறுவனத்தின் காசில், குறைந்த கூலிக்கு, எழுத்தும் குரலும் ஒரு நாட்டில், வரைவது இன்னொரு நாட்டில் என்று நடந்தால் இப்படித்தான். பிழை பிடிப்பதற்கே ஒரு கூட்டம் இருக்கிறது. நான் மீசையை மன்னித்துவிடுவேன்.

உங்களை மன்னிக்க முடியாத ஒன்று இருக்கிறது. வார்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூப்பிட்டபோது ஏன் போகவில்லை? சான் பிரான்சிஸ்கோவில் விளம்பர வேலை இருந்தது, சரி. குடும்பம், சம்பளம், எல்லாம் சரி. முயல் கையைவிட்டுப் போனதைப் பார்த்தவர்தானே நீங்கள்? அணிலும் மூஸும் போகும்போது கூடவே போயிருக்க வேண்டாமா? ஆலோசகர் என்ற பெயரோடு தூரத்தில் இருந்துவிட்டு, பல வருஷம் கழித்துப் பதிவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் யார் பெயர் இருக்கும்? இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் கிடையாது. கோபம் மட்டும் இருக்கிறது.

பாத்திரங்களை உருவாக்கியவர் நீங்கள் என்பதற்காக நீங்கள் போட்ட வழக்கைப் பற்றி அளந்துதான் பேசப்போகிறேன். இதை வார்டின் ரசிகர்களும் படிப்பார்கள், நானும் அவர்களில் ஒருவன். ராக்கி, புல்விங்கிள், டட்லி மூவரின் முதல் வடிவத்தையும் உருவாக்கியவர் நீங்கள் என்ற ஒப்புதல் தொண்ணூறுகளில் வந்த சமரசத்தில் கிடைத்தது. அப்போது எதிரில் பதில் சொல்ல வார்டு உயிரோடு இல்லை. பணம் எவ்வளவு, யார் மனசில் என்ன என்பதற்குள் நான் போகவில்லை. சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்த இரண்டு பேர் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒரு பட்டியல் போடுகிறவனுக்கு வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் 'ஃப்ராஸ்ட்பைட் ஃபால்ஸ் ரெவ்யூ' யோசனையில் புல்விங்கிள் கும்பலில் ஒருவன். வடக்குக் காட்டில் டிவி நிலையம் நடத்துகிற கரடி, நரி, காக்கைகளோடு அவனும் ஒரு மூஸ். கார் வியாபாரி ஒருவரிடமிருந்து பெயர் கிடைத்தாயிற்று, கொம்பும் கிடைத்தாயிற்று. ஆனால் பில் ஸ்காட் வாயைத் திறந்த பிறகுதான் அவன் நமக்குத் தெரிந்த புல்விங்கிள். எழுதியவரும் அவர், மூஸுக்கும் பீபாடிக்கும் டட்லிக்கும் குரல் கொடுத்தவரும் அவர். ராக்கியையும் போரிஸின் கூட்டாளி நடாஷாவையும் ஜூன் ஃபோரே ஒரே தொண்டையில் வைத்திருந்தார். போரிஸும் நடாஷாவும் உங்கள் காகிதத்தில் கிடையாது, அவர்கள் இல்லாமல் அந்த 326 அத்தியாயத்தில் பாதி நகராது. ஆக, வார்டின் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரைக் கீழே வரை இழுத்துவிட்டால் அதே தப்பை மறுபடி செய்தவனாவேன்.

அதனால் ஒரு கட்டத்தை நாலாகப் பிரித்திருக்கிறேன்: முதல் யோசனை, தயாரிப்பு, எழுத்து, குரல். ராக்கி, புல்விங்கிள் வரிசைகளில் முதல் கட்டம் உங்களுக்கு. பீபாடியில் டெட் கீ. தேவதைக் கதைகளில் முதல் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், குரல் கட்டத்தில் கதைசொல்லி எட்வர்ட் எவரெட் ஹார்ட்டன் இருக்கிறார். அதே பகுதியில் எத்தனையோ குரல் கொடுத்த டாஸ் பட்லரின் பெயர் திரையில் வரவேயில்லை, அவரையும் சேர்த்துவிட்டேன். பாருங்கள், பெயர் விட்டுப்போனது உங்களுக்கு மட்டும் இல்லை.

டட்லியின் வரிசையில்தான் அதிக நேரம் ஆனது. அவன் 1961இல் திரைக்கு வந்ததாக எல்லாரும் எழுதுகிறார்கள். 1948இல் நீங்களும் வார்டும் விற்கக் கொண்டுபோன 'டிவியின் சித்திரக்கதைகள்' மாதிரிப் படத்திலேயே அவன் இருக்கிறான். அந்தப் படமே ஒரு தொகுப்பு நிகழ்ச்சிதான்: குருசேடர் ராபிட், டட்லி, ஹாம்ஹாக் ஜோன்ஸ் என்று மூன்று பகுதி. முயலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிட்டார்கள். டட்லி பதின்மூன்று வருஷம் காத்திருந்து உள்ளே வந்தான். துப்பறியும் ஜோன்ஸை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அவனுக்கும் ஒரு வரிசை போட்டிருக்கிறேன். அத்தியாயம் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, ஒளிபரப்பு என்ற இடத்தில் ஒன்றுமில்லை. முதல் யோசனை என்ற கட்டத்தில் மட்டும் உங்கள் பெயர் இருக்கிறது.

அன்புடன்,
பட்டியல் போடுகிறவன்