63 கையெழுத்தும் ஒரு டேப்பும்

அன்புள்ள தனபாலுக்கு,

உன் கடிதமும் மனுவின் நகலும் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். நூர்ஜஹானுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மரகதத்துக்கு என் சலாம் சொல். நம் சிநேகிதன் பம்பரத்தோடு இன்னும் பேச்சு இல்லையா? அந்தப் பரோட்டாக் கணக்கை நான் கொடுத்துத் தொலைக்கிறேன், ராசியாகிவிடுங்கள்.

மனுவுக்கு வருகிறேன். நாலு பக்கம், 63 கையெழுத்து, ‘மேன்மைதங்கிய’ மட்டும் ஒன்பது இடத்தில். மெட்ரோ வேலைக்காக மடிப்பாக்கம் மெயின் ரோடு குறுகியதிலிருந்து உங்கள் தெரு குறுக்குவழியாகிவிட்டது என்று ஆரம்பிக்கிறாய். அங்கிருந்து தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் நிற்கிற கார்கள், வேகத்தடை, முனையில் எழும்புகிற நாலு மாடி, தெருநாய், எரியாத விளக்கு என்று போய், பூங்காவுக்கு பெஞ்சு கேட்டு முடிக்கிறாய். கல்யாண மளிகை லிஸ்ட்கூட இதைவிடச் சின்னதாக இருக்கும்.

இதைக் கையில் வாங்குகிறவர் என்ன செய்வார், யோசி. வேகத்தடை என்றால் ரோடு பார்க்கிற ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். விளக்கு மின்பிரிவு. நாய் சுகாதாரப் பிரிவு. கார் நிறுத்தத் தடை என்றால் போக்குவரத்து போலீஸ், அது மாநகராட்சியே இல்லை. மாடிக் கட்டடம் நகரமைப்பு. ஐந்து மேசைக்கு ஒரே தாள் கொடுத்தால் அது முதல் மேசையிலேயே உட்கார்ந்துவிடும். அதிலே சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு, விளக்கு என்று வைத்துக்கொள், ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் போட்டு மொத்த மனுவையும் மூடிவிடலாம். அதில் பொய்யும் இல்லை. ஆகவே மனுவைக் கிழி. ஒரு விஷயத்துக்கு ஒரு மேசை, ஒரு பக்கம். விளக்கையும் நாயையும் மாநகராட்சியின் 1913 புகார் போனில் தனித்தனியாகச் சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள். அவற்றுக்கு மனுவே வேண்டாம்.

அடுத்து, ரோடு யாருடையது என்று பார். பஸ் போகிற ரோடுகளை மாநகராட்சியில் தனித் துறை பார்க்கிறது. உட்தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. சில பெரிய ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். உங்கள் தெரு மண்டலத்தில் வரும். ஆனால் அது போய்ச் சேருகிற ரோடு வேறு துறையாக இருந்தால், முனையில் எதைச் செய்யவும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

‘அசுர வேகம்’ என்று எழுதியிருக்கிறாயே, எத்தனை? நம் வாத்தியார் பெரியசாமி சார் கேட்டிருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும். தெருவில் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடு. ஒரு வண்டி முதல் கோட்டைத் தொட்டதும் போனில் ஸ்டாப்வாட்சை அமுக்கு, இரண்டாவதில் நிறுத்து. 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் கிலோமீட்டரில் வேகம். 6 நொடி என்றால் 30, 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50. கோட்டுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காராதே. உன்னைப் பார்த்ததும் பிரேக் பிடிப்பார்கள். கேட்டுக்கு உள்ளே நின்று எடு. நூறு வண்டி எடுத்து, வேகத்தைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக எழுது. 85-ஆவது எண் எதுவோ அதைத்தான் எஞ்சினியர்கள் பார்ப்பார்கள். எவனோ ஒருவன் 70-இல் போனதை அவர்கள் கணக்கில் எடுக்கமாட்டார்கள். சென்னைப் போக்குவரத்து போலீஸ் 2023 நவம்பரில் கொண்டுவந்த வேக வரம்பில் குடியிருப்புத் தெருக்களுக்கு 30. உன் 85-ஆவது எண் 42 என்று வந்தால், அந்த ஒரு வரி உன் நாலு பக்கத்துக்குச் சமம்.

வண்டி எண்ணிக்கையும் வேண்டும். செவ்வாய், புதன், வியாழனில் எண்ணு. காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. கால் மணிக்கு ஒரு கட்டம், டூவீலர், ஆட்டோ, கார், லாரி தனித்தனி. பள்ளி லீவிலும் முகூர்த்த நாளிலும் எண்ணினால் கணக்கு கோணலாகும், ‘அன்றைக்கு மட்டும் அப்படி’ என்று தள்ளிவிடுவார்கள்.

இப்போது வேகத்தடை. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள். ‘உடனடியாக ஐந்து வேகத்தடைகள்’ கேட்டிருக்கிறாய். நீ கேட்பதை ரோடு போட்டு மிச்சமான தாரில் ஒரு கரை கட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன செய்வாய்? ஊர் பூராவும் அதுதானே இருக்கிறது? அகலம் ஒரு முழம், உயரம் அரை அடி. ஸ்கூட்டரின் அடிவயிறு இடிக்கும், ஆட்டோவில் போகிறவன் தலை கம்பியில் இடிக்கும்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 என்று ஒரு விதிநூல் இருக்கிறது; 1988-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். 1988 பதிப்பில் வளைவான தடைக்கு அளவு இது: 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, வண்டி ஓடுகிற திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் உறுத்தாது, அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். அதாவது மெதுவாகப் போகிறவனை விட்டுவிட்டு வேகமாகப் போகிறவனை மட்டும் தண்டிக்கிற வடிவம். நம்மூர்க் கரை இரண்டு பேரையும் தண்டிக்கிறது. கார்க்காரன் பிரேக் பிடித்து ஏறி இறங்கியதும் அந்த எரிச்சலில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறான்.

போட்டதைச் சரிபார்க்க உனக்கு எஞ்சினியர் வேண்டாம். நேரான சட்டமோ இறுக்கிப் பிடித்த நூலோ போதும். நடுவில் 10 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஏழு. ஒன்றரை மீட்டர் தள்ளி மூன்றரை. 1.85 மீட்டரில் ரோட்டோடு ரோடு. இந்த நாலு எண்ணை மனுவிலேயே எழுதிவிடு, போடும்போது பக்கத்தில் நில். மேஸ்திரி கையில் மரத்தில் வெட்டிய அச்சு இருக்கிறதா பார். இல்லாமல் கண்ணளவில் போட்டால் ரோலர் ஏறியதும் தட்டையாகிவிடும், அல்லது கூம்பாக நிற்கும். பழைய தாரைக் கூட்டித் துடைத்து, பிடிப்புக்குத் தார்க் கரைசல் அடித்த பிறகே கலவையைக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்கே அப்பளம் மாதிரி பெயர்ந்து வரும்.

எங்கே என்பதும் உன் தலைவலிதான். முனையில் பெரிய ரோட்டின் ஓரத்திலிருந்து சுமார் 5 மீட்டர் உள்ளே ஒன்று. பிறகு 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்று. உங்கள் தெரு முந்நூறு மீட்டர் இருக்குமா? மூன்றுக்கு மேல் கேட்காதே. பாதாளச் சாக்கடை மூடியின்மேல் வரக்கூடாது. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் ஓட வழி விட வேண்டும். விடாவிட்டால் மேட்டுப் பக்கத்தில் குளம். 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை. இன்னொன்றும் கேள்: எல்லாருக்கும் வேகத்தடை வேண்டும், யாருக்கும் தன் வீட்டு வாசலில் வேண்டாம். காலி லாரி அதில் ஏறி இறங்குகிற சத்தம் ராத்திரி இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஆகவே எந்த வீட்டு வாசலில் வருகிறதோ அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கு. அந்த மூன்று கையெழுத்து உன் 63-ஐவிட முக்கியம்.

பெயின்ட் அடிக்காமல் அவர்களை விடாதே, தனபால். வெள்ளைக் கோடு அடிக்காத தடையை ராத்திரி யாராலும் பார்க்க முடியாது. பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையோடு வருகிற பெண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைக்காது. தார் போட்ட அன்றே கோடு போட முடியாவிட்டால், போடும்வரை இரண்டு பக்கமும் தடுப்பும் விளக்கும் வைக்கச் சொல். இதில் மட்டும் நாசூக்குப் பார்க்காதே.

கார் நிறுத்துவது பற்றி அவ்வளவு இல்லை. தெரு ஏழு மீட்டர் என்கிறாய். இரண்டு பக்கமும் கார் நின்றால் இரண்டிரண்டு மீட்டர் போய் நடுவில் மூன்று. தண்ணீர் லாரியும் தீயணைப்பு வண்டியும் இரண்டரை மீட்டர் இருக்கும். பக்கத்துக்குக் கால் மீட்டர், ஒரு கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் என்றால் நடுவில் ஐந்து. ஆகவே ‘பார்க்கிங்கைத் தடை செய்க’ என்று கேட்காமல், ‘ஒருபக்க பார்க்கிங், ஒற்றைப்படைத் தேதியில் வடக்கு, இரட்டைப்படையில் தெற்கு’ என்று போக்குவரத்து போலீஸிடம் கேள். அதற்கு முன் ஒரு வார நாள் ராத்திரி பதினொன்றரைக்கு நடந்து போய் எத்தனை கார் நிற்கிறது என்று எண்ணு. ஒரு பக்கத்தில் அத்தனையும் அடங்காது என்றால், மிச்சம் எங்கே போகும் என்பதையும் நீயே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தெருக்காரர்கள் உன்மேல் மனு போடுவார்கள்.

கேட்டில் தொங்குகிற ‘நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்’ தகரங்களுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. காற்றைப் பிடுங்கினால் குற்றம் பிடுங்கியவன்மேல். ஆனால் வாசலை மறித்து நிறுத்துவது 2017-ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குவிதிப்படி தகரம் இல்லாமலே தப்பு. நம்பர் பிளேட்டும் கேட்டும் ஒரே படத்தில் தெரிய எடுத்துப் போலீஸுக்கு அனுப்பினால் போதும்.

அந்த நாலு மாடிதான் அவசரம். அதை நீ மூன்றாம் பக்கத்தின் அடியில் போட்டிருக்கிறாய்! தரைத்தளம் தூண் விட்டு பார்க்கிங் என்று அனுமதி வாங்கியிருப்பார்கள். இப்போது இரண்டு தூணுக்கு நடுவே செங்கல் ஏறுகிறது, ஷட்டர் வைக்கக் கம்பி நிற்கிறது என்றால் அது கடை. பத்து வீட்டுக் காரும் உங்கள் தெருவுக்குத்தான் வரும், கடைக்கு வருகிறவர்களுடையதும் சேர்ந்து. வேலை நடக்கிற இடத்தில் திட்ட அனுமதி எண்ணோடு பலகை வைத்திருக்க வேண்டும். எண் இருந்தால் படம் எடு. பலகையே இல்லை என்றால் அதையும் எழுது. பத்து வீடு என்பதால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியாக இருக்கும், பலகையைப் பார்த்து உறுதி செய்துகொள்.

அங்கே ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட மனு) போடு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்காதே. பதிவில் இல்லாத காரணத்தை எழுதித் தர அவர்களுக்குக் கடமை இல்லை. ‘அங்கீகரித்த வரைபடத்தின் நகல், தரைத்தள பார்க்கிங் எண்ணிக்கை’ என்று ஆவணத்தைக் கேள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநில தகவல் ஆணையம். வரைபடம் வந்ததும் கார் கட்டங்களை எண்ணு, ஒவ்வொன்றும் 2.5-க்கு 5 மீட்டர். தரையில் எத்தனை மிச்சம் என்று பக்கத்தில் எழுது. அதை வைத்து, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நடவடிக்கை கேள். 57 வேலையை நிறுத்த, 56 மீறலை அகற்ற. ‘காற்று மறைகிறது, தெருவின் அமைதி கெடுகிறது’ என்பதெல்லாம் அங்கே நிற்காது. வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் நிற்கும்.

வரைபடம் வரும்வரை சும்மா இருக்காதே. தேதியோடு வாரம் ஒரு படம் எடுத்து வை. எல்லாம் பணி நிறைவுச் சான்றிதழுக்கு முன் நடக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு கரன்ட் இணைப்பு கிடைக்காது, அதனால் கட்டுகிறவர் காதைக் கொடுப்பது அதுவரைதான். குடி வந்துவிட்டால், பூட்டி முத்திரை வைத்தாலும் 80-ஏ பிரிவில் அரசிடம் மேல்முறையீட்டுக்குப் போவார்கள், அது சீக்கிரம் தீராது. வீடு வாங்க முன்பணம் கட்டிய பத்துக் குடும்பத்தையும் தேடிப் பிடி. பறிபோவது அவர்கள் காசு கொடுத்த பார்க்கிங். உன்னைவிட அவர்கள் சத்தம் எடுபடும்.

இவ்வளவையும் அலுவலகத்துக்கு நடந்து நடந்து கொடுக்காதே. வருஷத்தில் நாலு நாள் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்களின் கூட்டம், கூடுகிறது: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அடுத்தது செப்டம்பர். வேகத்தடை, ஒருபக்க பார்க்கிங் இரண்டையும் அங்கே வை, கவுன்சிலருக்கு ஒரு வாரம் முன்பே நகல் கொடு. வாயால் சொன்னது காற்றோடு போகும். தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதை வாங்கிப் படித்த பிறகு எழுந்திரு. அக்டோபர் நடுவில் மழை பிடித்தால் ஈர ரோட்டில் தார் ஒட்டாது, பிறகு ஜனவரிதான். ஆக உனக்கு ஒரு மாதம்.

ஒரே ஒரு சங்கதி பாக்கி, கோபப்படாதே. போன பொங்கலுக்கு நீ அனுப்பிய படத்தில் உன் வீட்டுச் சாய்தளம் தெரிகிறது. மழைநீர் வடிகாலைத் தாண்டி ரோட்டில் ஒரு மீட்டராவது நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் முனையில் மரகதத்தின் செம்பருத்தித் தொட்டி வேறு. அளக்க வருகிற ஏ.இ. முதலில் டேப்பை அங்கேதான் வைப்பார். 63 பேரில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படி என்று நீயே எண்ணிக்கொள். தொட்டியை உள்ளே எடு, சாய்தளத்தை கேட்டுக்குள் இருந்தே ஆரம்பிக்கிற மாதிரி உடைத்துக் கட்டு. 30 மீட்டர் டேப் ஒன்று இங்கே இருக்கிறது, அடுத்த வாரம் வருகிற மருமகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். திருப்பித் தர வேண்டும், பம்பரம் மாதிரி பண்ணாதே.

அன்புடன்,
காதர்