அம்மாவின் காலும் செல்லுலைட்டிஸ் என்ற பெயரும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வயிறாரச் சாப்பிடுகிறார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருந்த பெயரைப் போனில் தேடினால் தொடைக் கொழுப்பைக் கரைக்கும் கிரீம்களாக வந்து விழுகிறது, இதற்கா அத்தனை ஊசி போட்டார்கள் என்று கேட்டிருந்தாய். இத்தனை வருடமாக மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் இந்தப் பெயர்களோடுதான் என் பிழைப்பு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீ தேடியது செல்லுலைட். அம்மாவுக்கு வந்தது செல்லுலைட்டிஸ். ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் முதல் 8 எழுத்து ஒன்றேதான். அதன்பின் ஒன்றில் இ, மற்றொன்றில் ஐ, எஸ். அந்த வால்தான் எல்லாம். செல்லுலைட் என்பது தொடையிலும் இடுப்பிலும் தோல் குழிகுழியாகத் தெரிவது. அது நோயே இல்லை. செல்லுலைட்டிஸ் என்பது தோலின் ஆழத்திலும் அதற்கடியில் உள்ள கொழுப்பிலும் பாக்டீரியா புகுந்து பரவுவது. பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில சமயம் ஸ்டஃபிலோகாக்கஸ். குழப்பம் வந்ததில் வியப்பில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்குமே செல்லுலைட் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

டான்சிலைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் என்று வரும் அதே 'ஐட்டிஸ்'தான் இங்கேயும். அழற்சி என்று பொருள். அந்த இடத்தில் ஐ-க்குப் பதில் யு போட்டு எழுதிய கேஸ் ஷீட்டுகள் என் மேஜைக்கு வராத வாரம் குறைவு. 'செல்' என்றதும் உயிரணு என்று நினைத்துவிடாதே. லத்தீனில் செல்லுலா என்றால் சிற்றறை. தோலுக்கும் தசைக்கும் நடுவில் உள்ள தளர்வான திசு சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால் பழைய உடற்கூறு நூல்களில் அதற்குச் செல்லுலார் திசு என்று பெயர். திசுவின் பெயர் மாறிப்போயிற்று, நோயின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

இதைவிடப் பழைய பெயர் ஒன்றும் உண்டு, பிளெக்மோன். கிரேக்கத்தில் எரிதல் என்ற வேரிலிருந்து வந்தது. சுவர் கட்டாமல் திசுவுக்குள் பரவி நிற்கும் அழற்சிக்கு, முக்கியமாகக் குடல்வாலைச் சுற்றி வருவதற்கு, இன்றும் அதைச் சொல்கிறார்கள். சுவர் கட்டிச் சீழ் தேங்கிவிட்டால் அது சீழ்க்கட்டி. கீறி வெளியேற்ற வேண்டியிருக்கும். நம் 'அழற்சி'யிலும் அழல் இருக்கிறது பார், நெருப்பேதான். எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல் இது.

பக்கத்து வீட்டு அம்மா 'அக்கி' என்றாராமே, அது வேறு. அக்கி வைரஸால் வருவது, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டைபோலக் கொப்புளம் போடும். இன்னொன்று எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று. அது தோலின் மேலடுக்கோடு நிற்பதால் சிவப்பின் ஓரம் மேடிட்டு, இங்கேதான் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். செல்லுலைட்டிஸில் ஓரம் மங்கலாகக் கரைந்து போகும். நோய்களுக்குக் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் எரிசிபெலஸுக்கு ஏ46, செல்லுலைட்டிஸுக்கு எல்03. ஆனால் நேரில் பார்க்கும்போது மருத்துவர்களுக்கே பல சமயம் பிரித்துச் சொல்வது சிரமம்.

அம்மாவின் காலில் பேனாவால் கோடு போட்டது எதற்கு என்று கேட்டாயே. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா, உள்வாங்குகிறதா என்று பார்க்கத்தான். மருந்து தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் தாண்டினாலும் பதற வேண்டாம். அம்மா போல மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, கருநீலமாகவோ கருத்தோ இருக்கும். புறங்கையை வைத்து இரண்டு காலையும் தொட்டுப் பார். சூடும் வலியும் பொய் சொல்லாது. கண்ணால் பார்ப்பதற்குப் பொருந்தாத அளவு வலி, கருத்த கொப்புளம், தொட்டால் உணர்ச்சி இல்லாமை, பிதற்றல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காதே, அந்த நிமிடமே கிளம்பு. தசையுறை வரை அழுகிப் போகும் தொற்று அப்படித்தான் தொடங்கும். அதற்கு மாத்திரை போதாது, அறுவை சிகிச்சை வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. இது திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். ஒவ்வொரு முறையும் நிணநீர்க் குழாய்கள் கொஞ்சம் கெடும், கால் வீங்கும், வீங்கிய காலில் அடுத்தது சுலபமாக வரும். வழி எங்கே திறந்திருக்கிறது என்று தேட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே விரித்துப் பார். தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, அடியில் ஒரு கோடுபோல வெடிப்பு இருந்தால் அது சேற்றுப்புண். பாக்டீரியா நுழைந்த வாசல் அதுவாகவே இருக்கலாம். யாரும் அதைப் பார்த்ததாக உன் கடிதத்தில் இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பூஞ்சை மருந்து தனியாகப் போட வேண்டும். குளித்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடைத்துவிடு. படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வை. சிவப்பு போய்விட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்த விடாதே. சர்க்கரை அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இங்கே நாங்கள் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். நான் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன், அப்புறம் உன்னோடு வந்து சில நாள் இருப்பதாக உத்தேசம்.

விரலிடுக்கைப் பார்த்துவிட்டு உடனே எழுது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதை நீயாகவே கேட்டுவிடு.

அன்புடன்,
சாந்தி