பண்ணைப் பெயரைத் தேடி

மினியாபொலிஸ்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பின் நீங்கள் உங்கள் கைப்படவே எழுதிய கடிதத்தைக் கண்டு மனம் நிறைந்தது. குளிர்காலம் முழுவதும் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். மருமகளின் நார்வே முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பேத்தியின் பள்ளியில் வம்சாவளி எழுதிவரச் சொன்னபோது, அவள் தாய்வழியில் முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று தொடங்கிய வேலை இது.

1900ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கில் அவர் பிறந்த மாதமும் ஆண்டும், குடியேறிய ஆண்டு 1869 என்பதும் இருந்தன. பிறந்த இடம் மட்டும் வெறுமனே ‘நார்வே’ என்றிருந்தது. ஊரைச் சொன்னது, இங்கே அவர் சேர்ந்திருந்த லுத்தரன் சபையின் பழைய அடக்கப் பதிவேடுதான். போதகர் நார்வே மொழியிலேயே எழுதிவைத்த அந்த ஒற்றை வரியில், வோஸ் என்ற சேகரமும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) ஒரு பண்ணையின் பெயரும் இருந்தன.

பண்ணைப் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அக்காலத்து நார்வே நாட்டுப்புறத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று நிலையாக இருந்ததில்லை. லார்ஸின் மகன் லார்சன், மகள் லார்ஸ்டாட்டர்; நம் முதலெழுத்தைப் போலத் தந்தையின் பெயர்தான். அதற்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயர் சேரும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். 1923இல்தான் சட்டம் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. ஆகவே பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஒரே சேகரத்தில் பத்துப் பேர் கிடைப்பார்கள். பண்ணையைப் பிடித்தால் ஆள் கிடைப்பார்.

நார்வே தேசிய ஆவணக் காப்பகம் இந்த ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1865 குடிக்கணக்கில் அந்தக் குடும்பத்தைக் கண்டேன். பிறர் பண்ணையில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாக உழைத்துக்கொடுத்த ‘ஹூஸ்மன்’ குடும்பம். அந்தக் கணக்கு கால்நடையையும் விதைப்பையும்கூடக் கேட்டு எழுதியது: ஒரு பசு, நான்கு ஆடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு. சொந்த நிலம் இல்லாத அந்த வீட்டு மகனுக்கு, 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் கிடைக்கக்கூடிய 160 ஏக்கர் எப்படித் தோன்றியிருக்கும் என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த 1865 கணக்கில் அவர் வயது ஓர் ஆண்டு கூடுதலாக இருந்தது என்னைக் குழப்பியது. பிறகுதான், நம் பாட்டிமார் ‘இருபது நடக்கிறது’ என்பார்களே, அதுபோல நடப்பு வயதையே எழுதினார்கள் என்று அறிந்தேன்.

ஒரு தவறும் செய்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே பெயரும் அதே பெற்றோரும் கொண்ட வரியைக் கண்டதும், இவர்தான் என்று மகிழ்ந்து எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அடக்கப் பதிவேட்டில் அந்தக் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்திருந்தது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கு வழக்கம். நம் மூதாதை இரண்டாவதாகப் பிறந்தவர். வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்கைப் பற்றிய அவருடைய பதிவில் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்திய தேதிகூட இருக்கிறது.

நார்வேயின் பெர்கன் துறைமுகக் காவல்துறையின் குடியேறிகள் பட்டியல் 1874இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தியவர்களுக்குச் சேகரத்தை விட்டுப் போனவர்களின் பட்டியலே துணை. அதில் அவர் பெயரும், எதிரே ‘அமெரிக்காவுக்கு’ என்ற சொல்லும் இருக்கின்றன. 1875 குடிக்கணக்கில் அதே குடிசையில் அவருடைய தாய் மட்டும், விதவை என்ற குறிப்போடு, இருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பார்த்தபின் அன்று வேறெதையும் தேட மனம் வரவில்லை.

ஒவ்வொரு பண்ணையிலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தொகுத்த ஊர் வரலாற்று நூல்கள் அங்கே உண்டு. அடுத்து அதைப் பார்க்க வேண்டும். மகனும் மருமகளும் கோடையில் பேத்தியோடு வோஸுக்குப் போகிறார்கள். தாயின் அடக்கப் பதிவை அதற்குள் கண்டுபிடித்துவிட்டால், குழந்தை கையில் கொடுத்தனுப்புவேன்.

கண்ணுக்குச் சிரமம் தராத அளவில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்