சுமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சுமதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உன் மாமியார் தேறிவிட்டார்களா? சின்னவனுக்கு என் முத்தங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஃபின்லாந்து நாவல் படித்தேன். யொஹானா சினிசலோ எழுதியது. 2000-இல் வந்து அந்த வருடமே அவர்கள் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான ஃபின்லாந்தியாவை வாங்கியிருக்கிறது. நான் படித்தது ‘நாட் பிஃபோர் சன்டவுன்’ என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை. பேய், பூதம் என்றாலே ஹாஸ்டலில் போர்வைக்குள் புகுந்துகொள்வாயே, அந்த நீதான் இதை முதலில் படிக்க வேண்டும்!

தம்பெரே நகரம். புகைப்படக்காரன் மிக்கேல் இரவில் வீடு திரும்பும்போது, குப்பைத்தொட்டிகள் பக்கத்தில் சில பையன்கள் எதையோ போட்டு மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை விரட்டிவிட்டுப் பார்த்தால், கன்னங்கரேலென்று, வாலோடு, பிடரிமயிரோடு ஒரு குட்டிப் பெய்க்கோ! அவர்கள் ஊர்க் காட்டுப் பூதம். தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறான். பெஸ்ஸி என்று பெயரும் வைக்கிறான். அது 1944-இல் யர்யோ கொக்கோ எழுதிய ஒரு கதையில் வரும் பெய்க்கோவின் பெயர். அங்கே குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த பெயர்.

இந்த நாவலில் பெய்க்கோ மாயம் இல்லை, விலங்கு. 1907-இல்தான் விஞ்ஞானம் அதை ஒப்புக்கொண்டதாம், லத்தீன் பெயர்கூட உண்டு. கதைக்கு நடுநடுவே கலைக்களஞ்சியப் பக்கங்கள், பத்திரிகைச் செய்திகள், நாட்டுப்புறக் கதைகள் என்று வந்துகொண்டே இருக்கின்றன. பல அவரே புனைந்தவை, சில நிஜமானவை. எது எது என்று பிரிக்கவே முடியவில்லை, அதுதான் சாமர்த்தியம். நீ ஃபின்லாந்துக் காவியமான கலேவலாவைச் சிவலிங்கத்தின் தமிழில் படித்தவள், அந்தக் காடும் குளிரும் உனக்கு உடனே பிடிபட்டுவிடும். தலைப்பு ஒரு பழைய பாட்டிலிருந்து வருகிறது, ரெய்னோ ஹெலிஸ்மா 1949-இல் எழுதியது. பொழுது சாயும்வரை பூதம் வெளியே வர முடியாது, இருட்டினால் சூரியக்கதிர் உயிரோடு இருக்க முடியாது. அந்தப் பூதம் அந்தக் கதிரை விரும்பிவிடுகிறது.

முதலில் நானும் மிக்கேலை நல்லவன் என்றே நம்பினேன். பழைய காதலனான கால்நடை மருத்துவரிடம் கெஞ்சி மருந்து வாங்கி வந்து, பட்டினி கிடந்த குட்டியைத் தேற்றுகிறான். அப்புறம் ஒரு ஜீன்ஸ் விளம்பரம் கைக்கு வருகிறது. அந்தக் குட்டிக்கே ஜீன்ஸை மாட்டுகிறான். அது வெறிபிடித்துத் துள்ளுகிறது, அதைப் படம் எடுக்கிறான். படம் அபாரமாக வந்துவிடுகிறது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், சுமதி. அடிப்பவர்களிடமிருந்து காப்பாற்றியவன்தானே இவன்? காப்பாற்றியதாலேயே அது தன்னுடையது என்று நினைத்துவிட்டான். அதன் உடம்பில் வீசும் ஜூனிப்பர் செடியின் வாசனை அவனையும் ஆட்டி வைக்கிறது என்பது வேறு விஷயம், அதைப் பற்றி நேரில் பேசலாம்.

அதே கட்டடத்தில் பலோமிதா என்று ஒரு பெண். பிலிப்பைன்ஸிலிருந்து காசு கொடுத்துக் கட்டிக்கொண்டு வரப்பட்டவள். புருஷன் வெளியே விடுவதில்லை. கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை வழியாக மாடிப்படியில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பூதத்துக்காக உருகுகிற மிக்கேல் இவளைச் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை.

முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் பலோமிதாவைப் படித்ததிலிருந்து எனக்கு நம் செல்வி ஞாபகமாகவே இருக்கிறது. போன வாரம் பேசினேன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், எப்போதும் போல. பனி, சமையல், பனி. “வேலைக்குப் போகலையாடி?” என்றேன், பதிலே இல்லை, பின்னால் அவள் புருஷன் இருமினார். நாம் இரண்டு பேரும் ‘நல்ல இடம், நல்லா இருக்கா’ என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டோமோ என்று பயமாக இருக்கிறது.

உன் சித்தப்பா பையன் செல்வி இருக்கும் ஊரில்தானே இருக்கிறான்? அவன் மனைவியை ஒரு பகல் நேரத்தில், அவர் ஆபீஸ் போயிருக்கும்போது, செல்வி வீட்டுக்குப் போய்வரச் சொல். பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா, வீட்டுச் சாவி இருக்கிறதா, இந்த இரண்டையும் நேரில் கேட்கட்டும். போனில் வேண்டாம். அவள் அக்காவிடம் இப்போது எதுவும் சொல்லாதே, ஊரைக் கூட்டிவிடுவாள்.

புத்தகத்தை நாளை கூரியரில் அனுப்புகிறேன். நீ படிப்பதற்குள் செல்வி விஷயத்தை முடி.

அன்புடன்,
கலைவாணி